முகத்தை நினைவில் கொண்டுவாருங்கள்

"கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்" என்று செல்போனில் அந்தக் குரல் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். குரலுக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கடைசி பஸ்ஸைத் தவறவிடாத மனிதரின் குரல் அது. மூச்சு உள்ளே வருவதைக் கவனியுங்கள் என்பார். கவனிப்பேன். உள்ளே வருவது மிளகு நெடி. வெளியே போவது தும்மல்.

கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். வாசலூர்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு இருந்தேன். ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு சந்து, வாசலில் ஓர் ஆள் கால் நீட்டும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. சாவியைக் கொடுக்கும்போது வீட்டின் சொந்தக்காரர், "மூட்டை ரெண்டு மட்டும் மூலைல கெடக்கட்டுங்க மேடம்" என்றார். மிளகு அறுவடை வந்ததும் அந்த இரண்டு மூட்டை பாதி அறையாக வளர்ந்துவிட்டது. அதனால்தான் தியானத்துக்கு வாசலில் உட்கார ஆரம்பித்தேன். வாசலில் உட்கார்ந்ததால்தான் எல்லா வம்பும் வந்தது.

தியானம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே மாற்றலாகி வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, திருச்சியில், என் வயிற்றில் ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை இறந்துபோனது. நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்து, குழந்தை எங்கே, ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டபோது என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. பாத்தா மறக்க முடியாது. பாக்காட்டி கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றாள். அதற்குள் என் கணவரும் என் அப்பாவும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு யாரும் துக்கம் கேட்டு வரவில்லை. வந்தவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவந்து, காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். தீட்டில்லை, படையல் இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. ஒரு சித்தி, "நீ நல்லபடியா பொழச்சு வந்தியே, அது போதும்" என்றாள். செத்தவர்கள் யாரும் இல்லாத வீட்டில் நான் மட்டும் எதற்கு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாற்றல் ஆர்டர் வந்ததும் அவர்களுக்கு நிம்மதி. மலைக் காற்று நல்லது என்றார்கள்.

மலைக் காற்று நல்லதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவார்கள். இரும்புச்சத்து மாத்திரையை நான்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, டீயோட போடாதீங்க என்று ஜன்னல் வழியாகச் சொல்லிச் சொல்லி, மத்தியானத்துக்குள் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கும். வீட்டுக்கு வந்தால் சமைக்கப் பிடிக்காது. குளிக்கப் பிடிக்காது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு, எழுந்திருக்காமலே இருந்துவிட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி பெங்களூரில் இருக்கிறாள். அவள்தான் போனில் என் குரலைக் கேட்டுப் பயந்துபோய், பௌத்தத் தியானப் பதிவுகள் சிலவற்றை அனுப்பினாள். "மைத்ரி தியானம்னு பேரு. கெட்ட காலத்துல என்னைத் தூக்கி நிறுத்துனதே இதுதான். ஒரு மாசம் செஞ்சு பாரு" என்றாள். ஊரில் பேசும் அளவுக்குத்தான் சிக்னல். நாமக்கல் போனபோது பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் பகுதி எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொள்வது. நான் நலமாக இருப்பேனாக, என் மனம் அமைதி பெறுவதாக. கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடலாம். அடுத்த பகுதியில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். "உங்களுக்கு மிகவும் பிரியமான ஒருவரை எண்ணுங்கள். அவர் முகத்தை நினைவில் கொண்டுவாருங்கள்" என்பார் அந்த மனிதர்.

பிரியமான ஒருவர் என்றதும் மனம் வேறெங்கே போகும்? போய் நின்றால் அங்கே முகம் இல்லை. வெறும் துணி மூட்டை. கண்ணைத் திறந்துவிடுவேன். மறுபடி மூடுவேன். அதற்குள் அவர் அக்கம்பக்கத்தார், பகையாளி, சகல ஜீவராசிகள் என்று எங்கோ போயிருப்பார். தினமும் அதே இடத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பேன். கணவரையோ அம்மாவையோ வைத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். அவர்கள் முகம் வந்ததும் வாழ்த்துக்குப் பதிலாக, "ஏன் எனக்குக் காட்டலை?" என்றுதான் வந்தது.

தோழியிடம் சொல்லி, அந்தத் தியானக்காரரிடமே கேட்கச் சொன்னேன். பதில் வந்தது. இறந்தவர்களை வைத்து இந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாதாம், சாந்தம் வருவதற்குப் பதில் சோகம்தான் வருமாம். உயிரோடிருக்கும் ஒருவரையே எண்ண வேண்டுமாம். எல்லாம் நிலையற்றது என்பதைச் சிந்தித்து விட்டுவிடுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டில் அவளை இறந்தவள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. இவர் இறந்தவள் என்பதால் வேண்டாம் என்கிறார். அந்த "நிலையற்றது" என் சித்தி சொன்ன "அது போதும்" மாதிரியேதான் என் காதில் விழுந்தது. இதற்கு எதற்குப் பௌத்தம்? சித்தியே போதுமே.

ஆனாலும் உட்காருவதை விடவில்லை. அது பக்தியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. காலையில் போர்வையை விட்டு எழுவதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா வர ஆரம்பித்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். குச்சிக்கிழங்கு என்று இங்கே சொல்லும் மரவள்ளிக் காடும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடியும் அவர்களுக்கு உண்டு. ஒருநாள் விடிந்தும் விடியாத பனியில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், மடியில் முறத்தோடு அவள்.

"ஏனுங்க மேடம், யாருங்க தவறிப்போனது?" என்றாள்.

"யாரும் இல்லீங்க அக்கா. சும்மா உக்காந்திருக்கேன்."

"சரிங்க" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. முறத்திலிருந்த பச்சை மிளகுக் கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து உருவ ஆரம்பித்தாள். சரக், சரக் என்று மணிகள் முறத்தில் விழுந்தன. காதில் குரல், மூச்சைக் கவனியுங்கள் என்றது. நான் கவனித்தது முழுக்க அந்தச் சரக்கைத்தான். வெயில் ஏறியதும், "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதே கேள்வி, அதே பதில், அதே முறம். அவளுக்கு ஏதோ வேலை இருந்த நாளில் அவள் வீட்டுக்காரர் வந்து, கொஞ்சம் தள்ளித் தலைத்துண்டோடு குந்திக்கொண்டு இருமினார். அவரும் "யாருங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு இருமலைத் தொடர்ந்தார். இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா? எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்தக் காலை நேரமும் அந்தச் சிமெண்டுத் தரையும்தான். அதிலும் பாதியை வந்து பிடித்துக்கொண்டார்கள்.

மூட்டைகளுக்கு நடுவே உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கதவருகே வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினேன். வெளியே சரக், சரக். ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, இது சத்தமில்லாம தனியா செய்யவேண்டிய தியானம்." அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. "அதானுங்க மேடம், நானும் ஒண்ணும் பேசறதில்லீங்களே" என்றாள். அன்றிலிருந்து இன்னும் கவனமாக, கொத்துகளை மெதுவாக உருவினாள். மெதுவாக உருவும் சத்தம் வேகமாக உருவும் சத்தத்தைவிட மோசம். அடுத்தது எப்போது விழும் என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா உயிர்களிடத்தும் அன்பு செலுத்தும் பயிற்சியைச் செய்துகொண்டே, பக்கத்தில் இருக்கும் ஓர் உயிரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன். இதில் என் மனம் லேசாகும் என்று தோழி சொல்லியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின வாரம் மாத்திரை வாங்கிப்போன ஒரு சின்னப் பெண்ணுக்குப் பிரசவமாகியிருந்தது, பெண் குழந்தை, சுகமாக இருக்கிறது என்று முதல் நாள் சாயங்காலம்தான் கேள்விப்பட்டிருந்தேன். இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. காலையில் உட்கார்ந்தேன். "முகத்தை நினைவில் கொண்டுவாருங்கள்" என்ற இடம் வந்தது. அதே நேரத்தில் அக்கா முறத்தோடு வந்து உட்கார்ந்து, "ஏனுங்க மேடம், யாருங்க…" என்று ஆரம்பித்தாள்.

நான் கத்திவிட்டேன். "எனக்கு யாரும் சாகலை! எத்தனை தடவை சொல்றது? யாரும் சாகலை! என்னைத் தனியா விடுங்க!"

எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் முகம் அப்படியே மலர்ந்தது. நிஜமான சந்தோஷம். "அப்படீங்களா? நல்லதுங்க மேடம். யாரும் சாகலைன்னா அதவிட என்னங்க வேணும்? நாங்கதான் தப்பா நெனச்சுட்டோமுங்க" என்று சொல்லி, முறத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே தன் வீட்டுக்காரரிடம், "ஒண்ணுமில்லீங்களாமா! நல்லா இருக்கறாங்களாமா!" என்று உரக்கச் சொன்னாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பனி, மரத்தில் சொட்டும் தண்ணீர், அவ்வளவுதான் சத்தம். நான் கேட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. உட்கார்ந்தால் என் குரல்தான் எனக்குக் கேட்டது. யாரும் சாகலை. யாரும் சாகலை. எந்த வாக்கியத்தைச் சொல்லாமல் சொன்னார்கள் என்று அம்மாமேலும் சித்திமேலும் கணவர்மேலும் இத்தனை மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேனோ, அதை நானே, பெற்றவளே, ஊர் கேட்கக் கத்தியிருக்கிறேன். அதைக் கேட்டு ஒருத்தி சந்தோஷமும் பட்டுவிட்டாள்.

அந்த வாரம் சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம், பேச்சுவாக்கில், என் வாசலில் வந்து உட்கார்ந்த தொல்லையைப் பற்றிச் சொன்னேன். அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அது கூட உக்கார்றதுங்க மேடம். துக்கக்காரங்களை விடியக்காலத்துல தனியா உக்கார விடமாட்டாங்க எங்க ஊர்ல. எழவு ஊடுன்னா யாராச்சும் போயி பக்கத்துல உக்காந்துக்குவாங்க. ஆறுதல் கீறுதல் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வந்ததும் ஒருக்கா யாருன்னு கேப்பாங்க. துக்கக்காரங்களே வாயைத் தொறந்து சொல்ற வரைக்கும் தெனமும் வருவாங்க. சொல்லிட்டா எந்திரிச்சிருவாங்க. நீங்க கண்ணை மூடிட்டு, மூக்கை உறிஞ்சிட்டு தெனமும் வாசல்ல உக்காந்தா, பாவம், அவங்க என்னதான் பண்ணுவாங்க?"

மூக்கை உறிஞ்சியது மிளகு நெடியால் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முழுக்க அதனால்தானா என்பது எனக்கே நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தார்ப்பாயை விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். அவள் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சக் கொத்துகளை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாங்க மேடம்" என்றாளே தவிர, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. இன்றைக்குப் பார்த்துக் கேட்காமல் இருக்கிறாளே!

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது நெசமில்லை."

கை நிற்கவில்லை. "என்னதுங்க?"

"என் பொண்ணு செத்துப்போயிட்டா. வயித்துலயே. ஏழாம் மாசம்."

அவள் கை நின்றது. வேறு யாராக இருந்தாலும் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். விடுங்க, வயசிருக்கு, அடுத்தது பார்த்துக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பேரு என்னங்க?" என்றாள்.

பேர் வைத்திருந்தாயா என்று கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இருப்பதுபோல இதற்கும் இருக்கும் என்று கேட்டாள். ஐந்தாம் மாதத்தில், உதைக்க ஆரம்பித்தபோது, நானும் என் கணவரும் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ஒருநாளும் அது எங்கள் வாயில் வரவில்லை. அதைச் சொன்னேன். முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன். அவள் அந்தப் பேரைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கூடையோடு வந்த தன் வீட்டுக்காரரிடம், "மேடத்தோட பொண்ணுங்க" என்று பேரைச் சொன்னாள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குந்தினார். இருமல் வந்தபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அழுதேன். அழகாகவெல்லாம் இல்லை. மூக்கும் வாயும் ஒழுக, தார்ப்பாயில் கிடந்த மிளகை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டு அழுதேன். "அழுவு சாமி" என்றாள் அக்கா. அதற்குப்பின் அவள் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. செவ்வாய்க்கிழமைகள் செவ்வாய்க்கிழமைகளாகவே வந்தன. ஒன்று மட்டும் மாறியது. அந்தக் குரல், பிரியமான, உயிரோடிருக்கும் ஒருவரை எண்ணுங்கள் என்றபோது, பிடிவாதத்தை விட்டுவிட்டு அக்காவின் முகத்தை வைத்தேன். உடனே வந்தது. பல்லிடுக்கில் வெற்றிலையோடு தெளிவாக வந்தது. அவள் நலமாக இருப்பாளாக என்பதில் எனக்குத் தடையேதும் இல்லை. தியானக்காரர் சொன்னதில் அந்தமட்டுக்கு உண்மை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மகளை எங்கே வைப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. முகமில்லாத அந்த இடம் அப்படியே இருந்தது.

அடுத்த விடுமுறைக்கு நான் கீழே திருச்சிக்குப் போகவில்லை. கணவரை மேலே வரச் சொன்னேன். அதுவரை அவர் மலைக்கு வந்ததே இல்லை. சேந்தமங்கலம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்து, வெளுத்துப்போய் வந்து இறங்கினார். அன்று பூராவும் குடிநீர், கரண்ட், சமையல் கேஸ் என்று என்னென்னவோ பேசினோம். கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. கேட்டால், "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்பார். அதைக் கேட்டால் நான் அவரை மன்னிக்கவே மாட்டேன் என்று பயமாக இருந்தது.

மறுநாள் விடியும்போது அவர் எனக்கு முன்னால் எழுந்து, வாசல் சிமெண்டுத் தரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சரக், சரக். எட்டிப் பார்த்தேன். அக்கா அவருக்குப் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாரென்று அவரிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அவர் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். முகத்தில் அப்படி ஓர் எரிச்சல். எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். "யாரு இவங்க? அவங்க பாட்டுக்கு வந்து உக்காந்துட்டாங்க. எப்பப் போவாங்க?"

"நீங்க வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் போகமாட்டாங்க" என்றேன்.

"எதைச் சொல்றது?"

நான் பேரைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீயை வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு வாசலுக்குப் போய், முன்பிருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நானும் போய் மறுபக்கம் உட்கார்ந்தேன். அக்கா முறத்தை எங்கள் மூவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்து உருவிக்கொண்டிருந்தாள். அவர் முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். உருவத் தெரியவில்லை, மணிகள் தரையெல்லாம் சிதறின.

"முடி நிறைய இருந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். "உன்னோடது மாதிரியே. சுருட்டை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.